டிஎன்எஸ் ரெக்கார்டு தானா ஏறலையா? 777 போடறதுக்கு முன்னாடி, தடுக்கறது யாருன்னு பாருங்க

சர்வர்ல எது ஓடலைன்னாலும் முதல்ல சிஎச்மோட் 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும் குடுக்கற லினக்ஸ் கமாண்டு) போட்டுப் பாக்கற பழக்கம் நம்மாளுங்க கிட்ட ரொம்ப நாளா இருக்கு. ஐபி வழங்கற டிஎச்சிபி ஒரு மெஷினுக்கு ஐபி குடுத்ததும், பேருக்கு ஐபி சொல்ற டிஎன்எஸ்ல அதோட பேரு தானா ஏறணும், ஏறல, லாக்ல எங்கயோ ‘பெர்மிஷன் டினைடு’ன்னு ஒரு வரி கண்ணுல படுது, உடனே ஸோன் ஃபைல் (அந்த டொமைனோட பேருங்க பட்டியல்) இருக்கற ஃபோல்டருக்கு 777. அப்பவும் ஏறாது. சரின்னு ஓனரை மாத்தி, அப்புறம் பைண்ட்ங்கற டிஎன்எஸ் சர்வர் சர்வீஸையே ரூட்டா ஓட விட்டு, அதுவும் ஆகலைன்னதும் ஃபயர்வால் மேல பழியைப் போட்டு, அன்னிக்கு ராத்திரி அப்படியே போயிடும்.

விஷயம் என்னன்னா, ஆட்டோமேட்டிக் டிஎன்எஸ் அப்டேட்ல பெர்மிஷன்ங்கறது ஒரே எடத்துல இல்ல. டிஎன்எஸ் சர்வரோட கான்ஃபிக்ல ஒண்ணு இருக்கு, லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்துல ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல எந்த ப்ராசஸ் எதைத் தொடலாம்னு காவல் காக்கற ஆப்ஆர்மர் இல்லைன்னா எஸ்இலினக்ஸ், கடைசியா அந்த ஒரு ரெக்கார்டு யாரோடதுங்கறதுல ஒண்ணு. நாலு பேருமே ‘முடியாது’ன்னு சொல்லலாம், ஆனா நாலு பேரும் சொல்ற விதம் வேற வேற, பதில் கோடும் வேற, லாக்ல விழற வரியும் வேற. 777ங்கறது இதுல ரெண்டாவது ஆளுக்கு மட்டும்தான் பதில். தோண்டிப் பாத்தா நாலுக்கும் அடியில ஒரே கேள்விதான் இருக்கு: இந்த ஸோன் யாருக்குச் சொந்தம், கையில எடிட் பண்ற அட்மினுக்கா, ஓடிட்டு இருக்கற சர்வருக்கா?

இந்தக் குழப்பம் எங்கேந்து வந்ததுன்னு பாக்க கொஞ்சம் பின்னால போகணும். 1987ல டிஎன்எஸ்ஸுக்கான ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) 1034, 1035 வந்தப்போ ஸோன் ஃபைல்னா அது மனுஷன் எழுதற ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவுதான். எடிட்டரைத் திறப்பாங்க, ஒரு வரி சேப்பாங்க, சீரியல் நம்பரை ஒண்ணு கூட்டுவாங்க, ரீலோட் பண்ணுவாங்க. சர்வருக்கு அதைப் படிக்கத் தெரிஞ்சா போதும். அதனால ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமா எட்சிக்குள்ள உக்காந்திருந்தது, சர்வருக்குப் படிக்க மட்டும் அனுமதி, எல்லாம் சரியாவே இருந்தது. 1997 மார்ச்ல டிஎச்சிபிக்கு ஆர்எஃப்சி 2131 வருது, அடுத்த மாசமே ஏப்ரல்ல டைனமிக் அப்டேட்டுக்கு ஆர்எஃப்சி 2136. ஐபி ஒரு இடத்துல நிக்காம மாறிட்டே இருந்தா பேரும் கூடவே மாறணும்ல, அதுக்குத்தான். அன்னிக்கிலேந்து ஸோன்ல சர்வரும் எழுத ஆரம்பிச்சுது. ஆனா ஃபைல் இருக்கற எடமும், நம்ம பழக்கமும், நெட்ல கிடைக்கற பாதி டுடோரியலும் இன்னும் 1987லயே இருக்கு.

ஆர்எஃப்சி 2136 சொல்ற அப்டேட் பாக்கெட் சாதாரண டிஎன்எஸ் பாக்கெட் மாதிரியேதான் இருக்கும், ஆப்கோடு மட்டும் 5. உள்ள முதல்ல எந்த ஸோன்னு இருக்கும், அடுத்தது சில நிபந்தனைகள், அதாவது இந்தப் பேரு ஏற்கெனவே இருக்கணும் இல்ல இருக்கக்கூடாதுங்கற மாதிரி, அப்புறம்தான் எதைச் சேக்கணும் எதை நீக்கணும்ங்கறது. முக்கியமான விஷயம், இது மொத்தமா நடக்கும் இல்லைன்னா மொத்தமா நடக்காது. ஒரே பாக்கெட்ல மூணு ரெக்கார்டு சேக்கச் சொல்லி அதுல ஒண்ணுக்கு அனுமதி இல்லைன்னா மூணுமே போச்சு. இதை நெனைவுல வெச்சுக்கங்க, கீழ திரும்ப வரும்.

சர்வர் திருப்பி அனுப்பற கோடுலயே பாதி விடை இருக்கு. 5ன்னா ரெஃப்யூஸ்டு, அதாவது கான்ஃபிக் படி உனக்கு அனுமதி இல்ல. 9ன்னா நாட்ஆத், இதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, இந்த ஸோனுக்கு நான் அதிகாரி இல்லைன்னு சொல்லுது, இல்லைன்னா நீ போட்ட கையெழுத்து சரியில்லைன்னு சொல்லுது. 2ன்னா சர்வ்ஃபெயில், அனுமதியெல்லாம் ஓகே, ஆனா எழுதப் போன எடத்துல முட்டிக்கிச்சு. 6, 7, 8 மூணும் அந்த நிபந்தனைகள் ஒத்துப்போகலைன்னு சொல்றது. அதனால சர்வ்ஃபெயில் வந்தா கையெழுத்துப் போடற கீயை நோண்டறதுல பிரயோஜனம் இல்ல, ரெஃப்யூஸ்டு வந்தா ஃபோல்டரை நோண்டறதுல பிரயோஜனம் இல்ல. ஆனா நடைமுறைல டிஎச்சிபி சர்வரோட லாக்ல ஒரு மொட்டை வரி மட்டும் விழும், அதை வெச்சு எல்லாரும் எல்லாத்தையும் நோண்டுவாங்க.

அதனால டிஎச்சிபியைக் கொஞ்ச நேரம் ஓரமா வெச்சுட்டு, கையால டிஎன்எஸ் அப்டேட் அனுப்பற என்எஸ்அப்டேட் கமாண்டை எடுத்து, டிஎச்சிபி எந்தக் கீ ஃபைலைப் பயன்படுத்துதோ அதையே குடுத்து, சர்வர் 127.0.0.1ன்னு சொல்லி, டெஸ்ட்னு ஒரு பேருக்கு 300 செகண்ட் டிடிஎல்லோட 192.0.2.50னு ஒரு ஏ ரெக்கார்டு (பேருக்கு ஐபி சொல்றது) சேக்கச் சொல்லி கையாலயே ஒரு தடவை அனுப்பிப் பாருங்க. பதில் கோடு முகத்துக்கு நேரா வந்து நிக்கும். சர்வர் யாருன்னு சொல்லாம விட்டா என்எஸ்அப்டேட் தானா ஸோனோட எஸ்ஓஏ ரெக்கார்டைப் பாத்து அதுல முதன்மை சர்வர்னு எழுதியிருக்கற பேருக்கு அனுப்பும், அங்க பழைய சர்வரோட பேரு இருந்தா அப்டேட் வேற எங்கயோ போயிட்டு இருக்கும், நாம இங்க லாக்கைப் பாத்துட்டே உக்காந்திருப்போம். சர்வரை மாத்தறப்போ எஸ்ஓஏவை மாத்த மறந்தவங்க நிறையப் பேரு.

இப்ப முதல் ஆளு, டிஎன்எஸ் சர்வரோட கான்ஃபிக். அதுல முதல்ல கையெழுத்து. டிசிக்னு சொல்றது ஆர்எஃப்சி 2845ல 2000ல வந்தது, இப்ப 2020ல வந்த ஆர்எஃப்சி 8945தான் நடப்புல இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே ரகசியக் கீ, அதை வெச்சு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கையெழுத்து. இதுல மூணு விதமா ஊத்திக்கும். பேட்கீன்னு வந்தா அந்தப் பேருல கீ எதுவும் சர்வருக்குத் தெரியல, பெரும்பாலும் கீயோட பேரு ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கும். இங்க கீக்கு வெச்ச பேரும் சேந்துதான் பாக்கெட்ல போகுது, ரகசியம் ஒண்ணா இருந்து பேரு மட்டும் மாறியிருந்தாலும் செல்லாது, அல்காரிதமும் அப்படித்தான். பேட்சிக்னா பேரு தெரியும், ரகசியம் ஒத்துப்போகல, காப்பி பேஸ்ட்ல கடைசி சமக்குறி விட்டுப்போச்சான்னு பாருங்க. பேட்டைம்னா கடிகாரம். வழக்கமா 300 செகண்டுக்குள்ள வித்தியாசம் இருந்தா ஏத்துக்கும், அதைத் தாண்டினா தூக்கிப் போட்டுடும். விர்ச்சுவல் மெஷினை சஸ்பெண்ட் பண்ணி ரெண்டு நாள் கழிச்சு எழுப்பினா நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு ஓடாது, யாரும் கான்ஃபிக்ல கையே வெச்சிருக்க மாட்டாங்க, பெர்மிஷன் பிரச்சனைன்னு நாள் பூரா தேடுவாங்க. கடிகாரத்தைச் சரியா வெச்சிருக்கற க்ரோனி ஓடுதான்னு பாத்துடுங்க முதல்ல.

கையெழுத்து சரியா இருந்தும் ரெஃப்யூஸ்டு வந்தா பைண்ட் லாக்ல ரெண்டு விதமான வரி விழும், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் சாவி. வெறும் ‘அப்டேட் இன்ன ஸோன் டினைடு’ன்னு இருந்தா அந்த ஸோன் அப்டேட்டே வாங்கறதில்ல, இல்லைன்னா நீங்க அனுமதி லிஸ்ட்ல இல்ல. ‘ரிஜெக்டட் பை செக்யூர் அப்டேட்’னு இருந்தா சர்வருக்கு உங்களைத் தெரியும், கையெழுத்தும் ஓகே, ஆனா இந்தப் பேருக்கோ இந்த டைப்புக்கோ உங்களுக்கு உரிமை குடுக்கல. ரெண்டாவது வரி வந்தா ஸோன்ல அப்டேட்-பாலிசி எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். அல்லவ்-அப்டேட் மொத்த ஸோனையும் தூக்கிக் குடுக்கும், அப்டேட்-பாலிசி பேரு வாரியா, டைப் வாரியா பிரிச்சுக் குடுக்கும், ஒரே ஸோன்ல ரெண்டையும் சேத்துப் போட முடியாது, பைண்ட் கான்ஃபிக்கையே ஏத்துக்காது.

நல்ல எண்ணத்துல பாலிசி எழுதப் போய் மாட்டிக்கற எடம் ஒண்ணு இருக்கு. டிஎச்சிபி கீக்கு ஏ ரெக்கார்டு மட்டும் போதும்னு ஏ, குவாட் ஏ (ஐபிவி6க்கான ஏ) ரெண்டை மட்டும் அனுமதிப்பாங்க. ஆனா டிஎச்சிபி சர்வர் ஏ ரெக்கார்டு கூடவே டிஎச்சிஐடின்னு, அந்தப் பேரு யாரோடதுன்னு குறிக்கற இன்னொண்ணையும் அதே பாக்கெட்ல அனுப்பும். மேல சொன்னேனே, ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு. ஏ ரெக்கார்டுக்கு அனுமதி இருந்தும் ஏ ரெக்கார்டு ஏறாது. கையால என்எஸ்அப்டேட்ல வெறும் ஏ அனுப்பினா ஜம்முன்னு ஏறும், டிஎச்சிபி அனுப்பினா ஏறாது, பாக்கறவங்களுக்கு டிஎச்சிபில ஏதோ பக்னு தோணும். கேயாங்கற டிஎச்சிபி சர்வர் வெச்சிருந்தா, ஐபிலேந்து பேரு சொல்ற ரிவர்ஸ் ஸோன்லயும் அதுக்கான பிடிஆர் ரெக்கார்டு கூட டிஎச்சிஐடி போடும், அங்கயும் அனுமதி வேணும். ரிவர்ஸ்னு சொன்னதும் இன்னொண்ணு, பேருலேந்து ஐபி வருது, ஐபிலேந்து பேரு வரலைன்னா முக்காவாசி நேரம் ரிவர்ஸ் ஸோனுக்கு அல்லவ்-அப்டேட் எழுதவே இல்லை, இல்ல அந்த ஸோனே இந்த சர்வர்ல இல்ல, அதுக்குத்தான் நாட்ஆத்.

லெட்ஸ் என்க்ரிப்ட் சர்ட்டிஃபிகேட்டுக்கு டிஎன்எஸ் வழியா நிரூபிக்கறவங்களுக்கு இந்த பாலிசி ரொம்ப முக்கியம். அந்த சர்ட்டிஃபிகேட்டை வாங்கித் தர்ற சர்ட்பாட்டுக்கு ஆர்எஃப்சி 2136 பிளகின் இருக்கு, அதுக்கு ஒரு கீ வேணும், டுடோரியலைப் பாத்து அல்லவ்-அப்டேட்ல அந்தக் கீயைப் போட்டுடறாங்க. யோசிச்சுப் பாருங்க, வெப் சர்வர்ல இருக்கற ஒரு கீ, அந்த வெப் சர்வர்ல ஓட்டை விழுந்தா உங்க டொமைனோட மெயில் ரெக்கார்டையே மாத்தலாம். சர்ட்பாட்டுக்கு வேண்டியது அண்டர்ஸ்கோர் அக்மி-சேலஞ்ச்னு ஆரம்பிக்கற ஒரே ஒரு பேருல டிஎக்ஸ்டி ரெக்கார்டு எழுதற உரிமை மட்டும்தான். பாலிசில அந்தப் பேரும் டிஎக்ஸ்டியும் மட்டும் குடுத்தா முடிஞ்சது. இன்னும் பாதுகாப்பா வேணும்னா அந்தப் பேரை சிநேம் போட்டு தனியா ஒரு குட்டி ஸோனுக்கு திருப்பி விடலாம், முதன்மை ஸோன் டைனமிக்காவே ஆக வேண்டாம்.

அடுத்தது சர்வ்ஃபெயில், அதாவது ரெண்டாவது ஆளு, ஃபைல் சிஸ்டம். இங்கதான் கூட்டமே. உபுண்டு சர்வர், பைண்ட் 9, ஸோன் ஃபைல் எட்சி-பைண்ட்-ஸோன்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல இருக்கு. கான்ஃபிக் சரி, கீ சரி. என்எஸ்அப்டேட் அனுப்பினா சர்வ்ஃபெயில். ஜர்னல்சிடிஎல்ல நேம்டு (பைண்டோட ப்ராசஸ் பேரு) லாக்கைப் பாத்தா முதல் வரில கையெழுத்து ‘அப்ரூவ்டு’ன்னு இருக்கும், அடுத்த வரில ஏ ரெக்கார்டு சேக்கறேன்னு இருக்கும், அதுக்கு அடுத்து ஸோன் ஃபைல் பேரோட கடைசில டாட் ஜேஎன்எல்னு ஒட்டிக்கிட்டு ‘கிரியேட்: பெர்மிஷன் டினைடு’, அப்புறம் ‘ஜர்னல் ஓப்பன் ஃபெயில்டு’. ஸோன் ஃபைல்ல எழுத முடியலைன்னு எங்கயுமே சொல்லல பாருங்க. முடியாதது புதுசா ஒரு ஃபைலை உருவாக்கறது.

ஏன்னா பைண்ட் அப்டேட் வந்ததும் ஸோன் ஃபைலைத் தொடாது. ஒவ்வொரு மாத்தத்துக்கும் முழு ஃபைலையும் திருப்பி எழுதிட்டு இருந்தா பெரிய ஸோன்ல மூச்சு முட்டிடும். அதனால பக்கத்துலயே ஜர்னல்னு ஒரு பைனரி ஃபைல் வெச்சு அதுல வரிசையா எழுதும், பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எப்பவாவது மொத்தத்தையும் சேத்து ஸோன் ஃபைலைப் புதுசா எழுதும். அப்படி எழுதறப்பவும் பழைய ஃபைலுக்குள்ள எழுதாது, டிஎம்பின்னு ஆரம்பிக்கற ஒரு தற்காலிக ஃபைலை அதே ஃபோல்டர்ல உருவாக்கி, முழுசா எழுதி முடிச்சு, அப்புறம் பேரை மாத்தும், நடுவுல கரண்ட் போனாலும் பாதி ஃபைல் நிக்கக்கூடாதுன்னு. லினக்ஸ்ல ஃபைலை உருவாக்கறதும் பேரை மாத்தறதும் ஃபோல்டர் மேல இருக்கற உரிமை, ஃபைல் மேல இருக்கற உரிமை இல்ல. ஸோன் ஃபைலுக்கு மட்டும் 777 போட்டு என்ன பிரயோஜனம்?

இதுல ஒரு விஷமமான வகை இருக்கு. பைண்டால எழுத முடியற பழைய ஜர்னல் ஒண்ணு முன்னாடியே அங்க இருக்கும். அப்டேட் ஏறும், டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பாக்கற டிக் கமாண்டு போட்டா ரெக்கார்டு வரும், எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு லாக்ல ‘டம்பிங் மாஸ்டர் ஃபைல்: டிஎம்பி... ஓப்பன்: பெர்மிஷன் டினைடு’ன்னு விழ ஆரம்பிக்கும். ஸோன் ஃபைல் அன்னிக்கு இருந்த மாதிரியே உறைஞ்சு நிக்கும், ஜர்னல் மட்டும் வளந்துட்டே போகும். பேக்கப்ல ஸோன் ஃபைலை மட்டும் எடுத்து வைக்கறவங்க, என்னிக்காவது அதை ரெஸ்டோர் பண்ணினா அப்பத்தான் தெரியும், அதுல பழைய சரக்குதான் இருக்கும்.

சரி, ஃபோல்டருக்கே குரூப் ரைட் குடுத்தாச்சு, ஓனர் பைண்ட், எல்லாம் பக்கா. அப்பவும் அதே ‘பெர்மிஷன் டினைடு’. இங்க வர்றது மூணாவது ஆளு. உபுண்டுல பைண்டுக்கு ஆப்ஆர்மர் புரொஃபைல் ஒண்ணு கூடவே வருது, அதைத் திறந்து படிச்சா கமெண்ட்லயே தெளிவா எழுதியிருப்பாங்க: எட்சி-பைண்ட் பைண்டுக்குப் படிக்க மட்டும், டைனமிக்கா மாறற ஸோனும் அதோட ஜர்னலும் வார்-லிப்-பைண்ட்ல, வேற சர்வர்லேந்து காப்பி வாங்கற ஸோன் வார்-கேஷ்-பைண்ட்ல. கெர்னல் மட்டத்துல நடக்கற தடை இது, ஃபோல்டர் 777ஆ இருந்தாலும் ப்ராசஸ் ரூட்டா ஓடினாலும் இது கேக்காது. அடையாளம் என்னன்னா டிமெசேஜ்லயோ ஆடிட் லாக்லயோ ஆப்ஆர்மர் டினைடுன்னு ஒரு வரி, அதுல ஆபரேஷன் எம்கேநோட்னு இருக்கும், ஃபைல் பேருல ஜேஎன்எல் இருக்கும். பைண்டோட சொந்த லாக்ல ஆப்ஆர்மர்ங்கற பேச்சே வராது, அதுக்குத் தெரிஞ்சது பெர்மிஷன் டினைடு மட்டும்தான், யாரு டினை பண்ணினாங்கன்னு அதுக்கே தெரியாது.

இதுக்கு ரெண்டு வழி சொல்றாங்க. ஒண்ணு, புரொஃபைல்ல எட்சி-பைண்டுக்கும் எழுத அனுமதி சேக்கறது. அடுத்த அப்கிரேடுல புரொஃபைல் மாறினா திரும்ப வந்து நிக்கும், லோக்கல் ஃபோல்டர்ல எழுதினா தப்பிக்கலாம்தான், ஆனா எனக்கு இந்த வழியே பிடிக்கல. நேம்டு கான்ஃபிக்கும் கீயும் இருக்கற ஃபோல்டர்ல வெளியுலகத்தோட பேசற ஒரு ப்ராசஸுக்கு எதுக்கு எழுதற உரிமை? ரெண்டாவது, ஸோன் ஃபைலை வார்-லிப்-பைண்டுக்கு நகத்தி கான்ஃபிக்ல பாதையை மாத்தறது. ரெண்டு நிமிஷ வேலை. டெபியன்காரங்க அந்த ஃபோல்டரை ரூட் ஓனர், பைண்ட் குரூப், குரூப்புக்கு எழுதற உரிமைன்னு முன்னாடியே அமைச்சு வெச்சிருக்காங்க. இந்த ஒரே வேலைல ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் ஒண்ணா ஒதுங்கிடுவாங்க, ஏன்னா இப்ப ஃபைல் உண்மையிலேயே அதோட சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிடுச்சு.

ரெட் ஹேட், ராக்கி, அல்மா பக்கம் இதே கதை எஸ்இலினக்ஸ் வடிவத்துல. வார்-நேம்டு ஃபோல்டர்ல இருக்கற ஃபைலுக்கு நேம்டு-ஸோன் லேபிள், அதுக்குள்ள டைனமிக், ஸ்லேவ்ஸ், டேட்டாங்கற மூணு ஃபோல்டருக்கும் நேம்டு-கேஷ் லேபிள். கேஷ் லேபிள் இருக்கற எடத்துல எப்பவும் எழுதலாம், ஸோன் லேபிள் இருக்கற எடத்துல எழுதணும்னா நேம்டு-ரைட்-மாஸ்டர்-ஸோன்ஸ்ங்கற பூலியன் ஆன்ல இருக்கணும், கெட்எஸ்இபூல் போட்டா தெரிஞ்சிடும். இங்க எல்லாரும் தடுக்கி விழற எடம், ஃபைலை வேற எங்கயோ எழுதி எம்வி போட்டு நகத்தறது. எம்வி பழைய லேபிளையும் கூடவே தூக்கிட்டு வரும், ஹோம் ஃபோல்டர்லேந்து நகத்தின ஃபைல் ஹோம் லேபிளோடவே டைனமிக்ல உக்காந்திருக்கும், எல்எஸ்ல சாதாரணமா பாத்தா ஓனரும் மோடும் கச்சிதமா தெரியும். கேபிடல் இசட் சேத்துப் பாத்தாத்தான் குட்டு உடையும், ரெஸ்டோர்கான் ஒரு தடவை போட்டா சரி. எஸ்இலினக்ஸை அணைச்சுட்டா எல்லாம் ஓடுதுன்னு சொல்றவங்க கிட்ட எனக்குச் சண்டை இல்ல, அஞ்சு நிமிஷம் பர்மிஸிவ்ல வெச்சு டெஸ்ட் பண்ணி தடுக்கறது இதுதானான்னு கண்டுபிடிக்கறது நல்ல வழிதான், அப்படியே விட்டுட்டுப் போறதுதான் கூடாது.

கன்டெய்னர்ல ஓட்டறவங்களுக்கு இதெல்லாம் போக, உள்ள இருக்கற பைண்ட் யூசரோட நம்பரும் வெளிய வால்யூமோட ஓனர் நம்பரும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல. நம்பரைப் பாருங்க, பேரைப் பாக்காதீங்க.

ஃபைல் சர்வருக்குச் சொந்தமானதும் அட்மினுக்கு வர்ற சங்கடம் ஒண்ணு இருக்கு, இதைப் பெர்மிஷன் பிரச்சனைன்னு யாரும் நெனைக்கறதில்ல ஆனா அதே குடும்பம்தான். டைனமிக் ஸோனை எடிட்டர்ல திறந்து ஒரு வரி சேத்து ரீலோட் பண்ணினா, ஜர்னல்ல ஒரு கதை, ஃபைல்ல ஒரு கதை. அடுத்த ரீஸ்டார்ட்ல ‘ஜர்னல் ரோல்ஃபார்வர்டு ஃபெயில்டு, ஜர்னல் அவுட் ஆஃப் சிங்க் வித் ஸோன்’னு சொல்லி அந்த ஸோனையே லோட் பண்ணாம விட்டுடும். உடனே எல்லாரும் செய்யறது ஜேஎன்எல் ஃபைலை டெலீட் பண்றது, ஸோன் எந்திரிச்சிடும், ஆனா கடைசியா ஃபைல்ல எழுதினதுக்கு அப்புறம் வந்த அப்டேட் எல்லாம் கோவிந்தா. பைண்டைக் கட்டுப்படுத்தற ஆர்என்டிசி கமாண்டுல ஃப்ரீஸ் போட்டா பைண்ட் ஜர்னலை ஃபைல்ல கொட்டிட்டு அப்டேட்டை நிறுத்தி வைக்கும், அப்ப எடிட் பண்ணி சீரியலைக் கூட்டிட்டு ஆர்என்டிசி தா (thaw, அப்டேட்டைத் திரும்ப ஓட விடறது) போடணும். இல்லைன்னா இதெல்லாம் எதுக்கு, அதே என்எஸ்அப்டேட்லயே நாமளும் சேத்துடலாம், லோக்கல் பாலிசி போட்டிருந்தா மைனஸ் எல் ஆப்ஷன் போதும், பைண்டே ஒரு செஷன் கீயை உருவாக்கி வெச்சிருக்கும், அதைப் படிக்கற உரிமை மட்டும் உங்க யூசருக்கு இருக்கணும்.

நாலாவது ஆளு ரெக்கார்டு மட்டத்துல உக்காந்திருக்காரு, அவரு வர்றப்போ பைண்ட் லாக்ல எந்தப் பெர்மிஷன் எர்ரரும் இருக்காது. டிஎச்சிபி லாக்லதான் தெரியும். ஐஎஸ்சி டிஎச்சிபியா இருந்தா ‘ஹேஸ் ஆன் அட்ரஸ் ரெக்கார்டு பட் நோ டிஎச்சிஐடி, நாட் மைன்’னு ஒரு வரி வரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச எர்ரர் மெசேஜ் இது, ‘இது என்னோடது இல்ல’ன்னு ஒரு சாஃப்ட்வேர் அவ்வளவு நேரடியா சொல்லுது. பட்டா யாரு பேருல இருக்கோ அவங்கதான் வேலியை மாத்தலாம்ங்கற மாதிரி, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல டிஎச்சிஐடின்னு ஒரு ரெக்கார்டு, 2006ல வந்த ஆர்எஃப்சி 4701 சொல்றது. கிளையண்டோட அடையாளத்தையும் முழுப் பேரையும் சேத்து அரைச்ச ஹேஷ் அது. டிஎச்சிபி சர்வர் முதல்ல ‘இந்தப் பேரு இல்லைன்னா சேத்துக்கோ’ன்னு அனுப்பும். பேரு இருக்குன்னு 6 வந்தா, ‘இந்த டிஎச்சிஐடி இருந்தா மட்டும் மாத்து’ன்னு அடுத்தது அனுப்பும். அதுக்கும் 8 வந்தா கையை விட்டுடும்.

இதனால பிரிண்டருக்கு நாம கையால ஒரு ஏ ரெக்கார்டு போட்டு வெச்சிருந்தா டிஎச்சிபி அதைத் தொடாது, அது நல்லதுக்குத்தான். ஆனா லேப்டாப் ஒயர்ல இருந்து வைஃபைக்கு மாறினா பேரு அதே, மேக் அட்ரஸ் வேற, அதனால அடையாளம் வேற, ஹேஷ் வேற, டிஎன்எஸ்ல பழைய ஐபியே நிக்கும். ஐஎஸ்சி டிஎச்சிபிக்கு 2022லயே ஆதரவு முடிஞ்சுது, நிறைய எடத்துல இப்ப கேயாவுக்கு மாறிட்டு இருக்காங்க. பழைய சர்வர் ‘இன்டரிம்’ முறைல டிஎக்ஸ்டி ரெக்கார்டுல அடையாளம் வெச்சிருக்கும், புதுசு டிஎச்சிஐடியைத் தேடும், கிடைக்காது, மொத்த ஆபீஸும் ‘என்னோடது இல்ல’ ஆயிடும். கேயால டிடிஎன்எஸ் (டைனமிக் டிஎன்எஸ் அப்டேட்) வேலையைச் செய்யறது தனி டீமன், 127.0.0.1ல 53001 போர்ட்ல கேட்டுட்டு இருக்கும், அது ஓடலைன்னா டிஎச்சிபி பாட்டுக்கு ஐபி குடுத்துட்டே இருக்கும். மாறுதல் சமயத்துல கான்ஃபிளிக்ட்-ரெசல்யூஷன்-மோடைத் தளத்தி வெச்சு, லீஸ் (ஐபி குத்தகை) எல்லாம் ஒரு சுத்து புதுப்பிச்சதும் திரும்ப இறுக்கலாம், ஆனா தளத்தி வெச்சிருக்கற நேரத்துல மெயில் சர்வர் பேரை ஹோஸ்ட்நேமா வெச்சுக்கிட்டு எவனாவது லேப்டாப்பை மாட்டினா அந்தப் பேரு அவனுக்குப் போயிடும்னு தெரிஞ்சு செய்யுங்க.

விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரில ஃபைலே கிடையாது, ஸோன் டைரக்டரிக்குள்ள ஆப்ஜெக்டா இருக்கு, ஒவ்வொரு பேருக்கும் தனி ஏசிஎல், அதாவது யாருக்கு என்ன உரிமைங்கற பட்டியல். செக்யூர் அப்டேட் மட்டும்னு வெச்சிருந்தா கிளையண்ட், டொமைன்ல அடையாளத்தை நிரூபிக்கற கெர்பரோஸ் வழியா வந்து, அதுதான் ஆர்எஃப்சி 3645ல 2003ல வந்த ஜிஎஸ்எஸ்-டிசிக், முதல்ல யாரு ரெக்கார்டை உருவாக்கறாங்களோ அவங்களே ஓனர். விண்டோஸ் கிளையண்ட் முதல்ல கையெழுத்து இல்லாம ஒரு தடவை அனுப்பிப் பாக்கும், ரெஃப்யூஸ்டு வாங்கிட்டு அப்புறம்தான் கையெழுத்தோட வரும், அதனால பாக்கெட் கேப்சர்ல தெரியற முதல் ரெஃப்யூஸ்டைப் பாத்துப் பதறாதீங்க, ரெண்டாவதைப் பாருங்க.

கிளையண்டுக்குப் பதிலா டிஎச்சிபி சர்வர் பதிவு பண்ணினா ஓனர் அந்த டிஎச்சிபி சர்வரோட கம்ப்யூட்டர் அக்கவுண்ட். ஃபெயில்ஓவர்ல ரெண்டாவது சர்வர் வந்தா அதால முதல் சர்வர் போட்டதைத் தொட முடியாது. இதுக்கு மைக்ரோசாஃப்ட் வெச்ச பழைய வழி டிஎன்எஸ்அப்டேட்ப்ராக்ஸின்னு ஒரு குரூப், அதுல இருக்கறவங்க உருவாக்கற ரெக்கார்டுக்குப் பாதுகாப்பே இருக்காது, யாரு வேணும்னாலும் வந்து எடுத்துக்கலாம். டொமைன் கன்ட்ரோலர்லயே டிஎச்சிபியும் ஓட்டி அதை இந்த குரூப்லயும் சேத்தா டொமைன் கன்ட்ரோலரோட சொந்த ரெக்கார்டும் திறந்து கிடக்கும். விண்டோஸ் டிஎச்சிபி மூலமா ஒரு லாகினும் இல்லாதவங்க கூட டிஎன்எஸ் ரெக்கார்டை ஏமாத்தி எழுத முடியும்னு அக்கமாய் நிறுவனத்து ஆளுங்க 2023 டிசம்பர்ல விரிவா எழுதிக் காட்டினாங்க. அதனால குரூப்பை மறந்துட்டு, டிஎச்சிபில அட்வான்ஸ்டு டேப்ல டிஎன்எஸ் கிரெடென்ஷியல்னு ஒரு எடம் இருக்கு, அதிகம் உரிமை இல்லாத ஒரு சாதாரண யூசர் அக்கவுண்ட் உருவாக்கி ரெண்டு டிஎச்சிபி சர்வர்லயும் அதையே குடுங்க. ஓனர் ஒருத்தர்தான்னு ஆயிடும், எந்த சர்வர் வந்தாலும் புதுப்பிக்கலாம். பாஸ்வேர்டு காலாவதி ஆகற அக்கவுண்டா வெச்சுடாதீங்க, அது காலாவதி ஆன அன்னிக்கு சத்தமே இல்லாம எல்லாம் நிக்கும்.

இன்னொரு அடிக்கடி வர்ற கேஸ், மெஷினை ஃபார்மேட் பண்ணி, டைரக்டரில இருந்த பழைய கம்ப்யூட்டர் அக்கவுண்டை அழிச்சுட்டு, அதே பேருல திரும்ப டொமைன்ல சேத்திருப்பாங்க. பேரு அதேதான், ஆனா எஸ்ஐடி (அக்கவுண்டோட உள் அடையாள நம்பர்) புதுசு. டிஎன்எஸ் ரெக்கார்டோட ஓனர் பழைய எஸ்ஐடி, செக்யூரிட்டி டேப்ல பாத்தா பேருக்குப் பதிலா எஸ்-1-5ன்னு ஆரம்பிக்கற ஒரு நீள நம்பர் நிக்கும். அந்த நம்பரைப் பாத்தீங்கன்னா யோசிக்கவே வேண்டாம், ரெக்கார்டை அழிச்சுட்டு மெஷின்ல ஐபிகான்ஃபிக் ரிஜிஸ்டர்டிஎன்எஸ் போட்டா புது ஓனரோட வந்து உக்காந்துக்கும். பழைய ரெக்கார்டைத் தானா அழிக்கற ஸ்காவெஞ்சிங் ஆன்ல இருந்தா பழசு தானா போகும்னு காத்திருக்கவும் செய்யலாம், ஆனா டிஃபால்ட்ல ஏழு நாளும் ஏழு நாளும் சேந்து பதினாலு நாள் தாண்டணும், அதுவரைக்கும் ஹெல்ப்டெஸ்க் ஃபோன் அடிச்சுட்டே இருக்கும்.